ராஜஸ்தானில் வெடித்ததற்குத் தாயில்பட்டியில் ஓடினார்கள்

விருதுநகர் ஜங்ஷனில் இறங்கியதும் முதல் வேலையாக, எண்ணெய் புரோட்டாக் கடை எப்போது திறப்பார்கள் என்று விசாரித்தேன். பிளாட்பாரத்து டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலங்காத்தால புரோட்டாவா? அண்ணாச்சி மிலிட்டரியா?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "குடிச்ச கப்ப வீசாம மடிச்சுக் கையில வச்சிருக்கீகளே, வேற யாரு அப்படிச் செய்வா?" என்றார். பார்த்தால் உண்மைதான். பேப்பர் கப் நாலாக மடிந்து என் கையில் இருந்தது.

பீரங்கிப் படையில் நாயக் என்ற சின்னப் பதவியில் இருக்கிறேன். இப்போதைய முகாம் ராஜஸ்தானில், மணலைத் தவிர வேறெதுவும் விளையாத ஓரிடத்தில். வெயில் விஷயத்தில் அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பங்காளிச் சண்டையே வைக்கலாம். லங்கர் என்று நாங்கள் சொல்லும் சாப்பாட்டுக் கூடத்தில் சோறும் போடுவார்கள், ஆனால் பார்க்கத்தான் சோறு. ஊருக்குக் கிளம்புகிறேன் என்றதும் கூட இருக்கும் வடநாட்டுப் பையன்கள் வழக்கம்போல் சிவகாசிப் பட்டாசு கேட்டார்கள். ரயிலில் கொண்டுவர விடமாட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன். நாள் முழுக்கப் பீரங்கி சுடுகிறீர்களே, பட்டாசு எதற்கு என்று கேட்டால், "பீரங்கியில் கலர் வராதே" என்கிறார்கள்.

இந்த முறை லீவு கேட்டது கோவில் கொடை விழாவுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. என் அம்மா என்னோடு போனில் பேசுவதை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கோபம் ஒன்றுமில்லை, போனைக் காதில் வைக்க மாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான். என்னிடம் வருஷத்துக்கு இரண்டு லீவும் ஒரு போனும்தான் இருக்கின்றன. அந்தப் போனும் போய்விட்டால், எனக்கு அம்மா என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது படிவத்தில் வாரிசு என்று எழுதுகிற சங்கதியாகிவிடும். அவளை மறுபடி பேச வைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் போய்ச் சாத்தூரில் இறங்கி, தாயில்பட்டிக்கு மினிபஸ் பிடித்தேன். காராச்சேவு வாசமும் வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகளும் மேலே பெரிய குரலில் பாட்டுமாக, முழங்காலை மடக்க இடமில்லாத பஸ். ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் படீரென்று ஒரு சத்தம். டிரைவர் ஓரங்கட்டினார்.

பின் டயர் வெடித்திருந்தது. ஆனால் பஸ்ஸில் இருந்த ஒருவரும் டயரைப் பார்க்கவில்லை. பெண்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கருவேல மரங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்தார்கள். பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் திசை அது. கூடைக்காரம்மா ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பொகை இல்ல. டயருதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் டிரைவரைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

இந்தப் பகுதியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும் என்பதால் கேட்டுக்கு வெளியிலேயே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் பெரிய சத்தம் ஒன்று கேட்டால் உள்ளே இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. ஊரில் இருக்கிற தாய்மார்களும் புருஷன்மார்களும் செய்யக்கூடியது ஒன்றுதான். ஓடுவார்கள். சத்தத்தைக் கேட்டவர்கள் ஓடுவார்கள், ஓடுகிறவர்களைப் பார்த்தவர்களும் ஏனென்று கேட்காமல் ஓடுவார்கள்.

அம்மா கடைசியாக என்னோடு போனில் பேசிய அன்று நடந்ததும் அதுதான். முகாமில் எனக்கு லங்கர் வேலை. தண்ணீர் டேங்கருக்குப் பின்னால் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். மத்தியானச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தூரத்தில் எங்கள் ஆட்கள் பயிற்சிக்காகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பழகிப்போனதால் எனக்கு அது காதிலேயே விழவில்லை. அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. போனுக்குள்ளிருந்து கேட்ட சத்தம் எங்கே வெடித்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "ஆத்தாடி, முத்துலட்சுமி!" என்று ஒரு கத்தல். அப்புறம் போன் கீழே விழுந்த சத்தம்.

முத்துலட்சுமி என் தங்கை. ஊருக்குக் கிழக்கே ஒரு கம்பெனியில் வெடிகளுக்குத் திரி வைக்கிறாள். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்தினேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், கதவு, யாரோ "எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனி?" என்று கேட்பது, பிறகு நிறையப் பேர் ஓடுவது எல்லாம் கேட்டன. ஊரில்தான் ஏதோ வெடித்துவிட்டது என்று நானும் நினைத்தேன். திரும்பிய வேகத்தில், காலடியில் இருந்த உருளைக்கிழங்குச் சட்டியைத் தட்டிவிட்டேன்.

ஓடிய கூட்டம் கம்பெனி கேட்டை முட்டியதைப் பார்த்து, உள்ளே இருந்தவர்களும் பயந்துபோய் வேலியேறிக் குதித்திருக்கிறார்கள். ஃபோர்மேன் வெளியே வந்து, "எங்கயும் வெடிக்கலையேம்மா, யாரு சொன்னா?" என்று கேட்ட பிறகுதான் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடினவர்களில் எஸ்தர் டீச்சரும் ஒருவர். எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். அவர் வீட்டில் யாரும் கம்பெனி வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாய்மார்கள் உள்ளே இருக்கிறார்களே என்று ஓடியிருக்கிறார். வாய்க்கால் கரையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இதையெல்லாம் சாயங்காலம் முத்துலட்சுமி கூப்பிட்டுச் சொன்னாள். அன்றோடு அம்மா தன் போனை அணைத்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டாள்.

டயர் மாற்றி ஊர் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். அம்மா வாசலில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். "வாய்யா, கைகால் களுவு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, கத்தரிக்காய் வதக்கல். ரொட்டி தின்று தின்று மரத்துப்போன நாக்குக்கு அது போதும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். வழக்கமாக நான் சாப்பிடும்போது ஊர்க்கதை முழுவதையும் ஒப்பிப்பாள். அன்று விசிறிக்கொண்டு சும்மா இருந்தாள்.

மெதுவாக போன் பேச்சை எடுத்தேன். "நீதான் நேர்ல வந்துட்டீல்ல, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள். நான் திரும்பிப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்தது. டிரைவர் கணேசண்ணன் மஞ்சள் பையை விரித்துப் பிடிக்க, ஏறுகிற பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனைப் போட்டார்கள். கேட்டில் கொடுப்பதற்குப் பதில் இவரிடமே கொடுத்துவிட்டால் சாயங்காலம் வீடு வரும்போது கைக்கு வந்துவிடும். பகலெல்லாம் அந்தப் பைக்குள் போன்கள் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்குமாம். "எம் பொண்டாட்டி கூப்பிட்டாக்கூட எந்தப் போனுன்னு தெரிய மாட்டேங்கு தம்பி" என்றார் கணேசண்ணன். எங்கள் முகாமிலும் பயிற்சிக்குப் போகும்போது ஒரு மரப்பெட்டியில் போனை வைத்துவிட்டுத்தான் போவோம். அண்ணன் போன் ஒரு பெட்டியில், தங்கை போன் ஒரு பையில். நடுவில் அம்மாவிடம்தான் ஒன்று ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

வேனில் இருந்த ஒருத்தி என்னைப் பார்த்து, "அண்ணே, அடுத்தவாட்டி சுடுறதுக்கு முந்தி சொல்லிட்டுச் சுடுங்க, நாங்க செருப்பப் போட்டுக்கிட்டு ஓடுவோம்ல" என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. முத்துலட்சுமி மட்டும் சிரிக்காமல், "அம்மா முன்னாடி இத யாரும் பேசாதீகடி" என்று அதட்டினாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் விருதுநகரில், நர்ஸாக இருக்கும் தன் தங்கை வீட்டில் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். என் கையில் ஆப்பிள் பையைப் பார்த்ததும் டீச்சர் முகம் சுண்டிவிட்டது. "ஏலே முருகேசா, எதிரிய விட்டுட்டு என்னையச் சுட்டுப்புட்டு, இப்ப ஆப்பிளா கொண்டாந்திருக்க? எண்ணெய் புரோட்டா வாங்கிட்டு வாலே" என்றார். அவர் தங்கை அடுப்படியில் இருந்து "கொழுப்பு ஆகாதுக்கா" என்று கத்த, "எலும்புதாண்டி ஒடஞ்சிருக்கு, நாக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர்.

மொறுமொறுவென்று எண்ணெயில் பொரித்த புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றி, இருவரும் சாப்பிட்டோம். நான் ரயிலில் இருந்தே கனவு கண்ட புரோட்டா. என் பங்கில் பாதியை டீச்சர் தட்டுக்குத் தள்ளினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கர் நின்றது. இனிமேல் பள்ளிக்கூடத்துப் படி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றேன். "நீ என்னலே செஞ்ச? அம்மாகூடப் பேசுன, அம்புட்டுத்தான. அது ஒரு குத்தமா?" என்றார். குற்றம் இல்லைதான். ஆனாலும் அந்த வாக்கரைப் பார்க்கப் பார்க்க ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. அன்று அந்த நேரத்தில் நான் கூப்பிடாமல் இருந்திருக்கலாம்.

"ஒங்கம்மா இன்னும் என்னைய எட்டிப் பாக்கல. நான் கோவமா இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. கூட்டிட்டு வா" என்றார் டீச்சர். எனக்கும் அதுதான் வழி என்று பட்டது. தன் கத்தலால் ஊர் ஓடியது, டீச்சர் விழுந்தார் என்ற வெட்கத்தில்தான் அம்மா போனைத் தொட மாட்டேன் என்கிறாள். டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். பீரங்கிக்காரன் போடுகிற கணக்கு, தூரம் சரியாக இருக்கும், திசைதான் தவறும்.

மறுநாள் அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே மத்தியானமாகிவிட்டது. குழிப்பணியாரம் சுட்டுத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். விருதுநகர் போகிற வரை வாளியை மடியில் இருந்து இறக்கவில்லை. டீச்சரின் தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவே அவளுக்கு வெகுநேரம் ஆனது. உள்ளே போனதும் டீச்சரின் காலைத் தொட்டுக்கொண்டு அழுதாள். டீச்சரும் அழுதார். பிறகு டீச்சர் ஒரு பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டு, "காளியம்மா, நாளைக்கே நீ திரும்ப ஓடுனாலும் நானும் ஓடத்தான் செய்வேன். கால் இல்லன்னா வாக்கர எடுத்துக்கிட்டாவது வருவேன். இதுல என்ன இருக்கு?" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெரிய நிம்மதி. வந்த காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

திரும்பி வரும்போது சாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, என் போனை நீட்டினேன். "இந்தா, முத்துலட்சுமி வீட்டுக்கு வந்திருப்பா. கூப்பிட்டு, கிளம்பிட்டோம்னு சொல்லு" என்றேன். வாங்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்தான் ஒண்ணும் நெனக்கலையேம்மா. ஊர்லயும் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. இன்னும் என்ன வெக்கம்?"

"வெக்கமா? அதெல்லாம் இல்லய்யா."

கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"ஒன்ன எதுக்குப் பட்டாளத்துக்கு அனுப்புனேன்? பன்னெண்டாவது முடிச்ச கையோட, வெடிமருந்து கலக்குற ரூமுக்குப் போறேன்னு நின்ன. நாந்தான் விரட்டி விரட்டி ஓட்டப் பயிற்சிக்கு அனுப்புனேன். எம் பிள்ளைகள்ல ஒண்ணாச்சும் வெடிச் சத்தம் கேக்காத எடத்துல இருக்கட்டும்னு. நீயும் போன்ல பூரி தின்னேன், ரொட்டி தின்னேன்னுதான சொல்லுவ. சோறு திங்கிற எடத்துலதான் எம் பையன் இருக்கான்னு நிம்மதியா இருந்தேன்."

உண்மையில் சாப்பாட்டைத் தவிர நான் வேறெதையும் சொன்னதே இல்லை.

"அன்னைக்கு அம்புட்டுத் தூரமும் முத்துலட்சுமி, முத்துலட்சுமின்னுதான் கத்திக்கிட்டு ஓடுனேன். ஒம் பேரு ஒருக்காக்கூட வாயில வரல. சத்தம் ஒங்கிட்ட இருந்து வந்திருக்கு, நான் எங்கிட்டோ ஓடியிருக்கேன். இப்ப போனக் காதுல வச்சா, காது அந்தச் சத்தத்தத்தான் தேடுது. நீ பேசுறது எதுவும் வெளங்க மாட்டேங்கு."

"அது பயிற்சிம்மா. பழகிக்கிறதுக்காகச் சுடுறது. யாரையும் அடிக்கிறதுக்கு இல்ல."

"இங்கன மட்டும் யாரையும் அடிக்கிறதுக்கா செய்றாக? கலர் கலரா வெடிக்கத்தான செய்றாக" என்றாள்.

முன் சீட்டில் இருந்த ஒருவர் பாதி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாத்தூர் வரும் வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்ச நாட்களில் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. அம்மா கோழி அடித்தாள், காராச்சேவு வாங்கிக் கட்டினாள், பொடி தடவிய இட்லியை இலையில் மடித்தாள். எட்டு வருஷமாக நான் சொன்ன பூரியும் ரொட்டியும்தான் அவளுக்குத் தெரிந்த ராணுவம். அதற்கு நடுவில் அவ்வப்போது மணலைப் பற்றி, பீரங்கியைப் பற்றி, அதை இழுத்துக்கொண்டு போகிற வண்டியைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வைத்திருந்தால், இப்படி ஒரே நாளில் மொத்தமும் அவள் காதில் விழுந்திருக்காது. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

கிளம்புகிற அன்று அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. தெருமுனை வரை வந்து, மினிபஸ் கிளம்பும் வரை நின்றாள். "போய்ச் சேந்ததும் முத்துலட்சுமிக்குப் போன் போடு" என்றாள். எனக்குப் போடு என்று சொல்லவில்லை.

விருதுநகரில் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் மதுரைக்குப் போகிற குடும்பம் ஒன்று. காராச்சேவுப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "சாத்தூரா?" என்று கேட்டு, உரிமையோடு ஒரு கை அள்ளிக்கொண்டார்கள். வண்டி வேகமெடுத்துக் கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. முத்துலட்சுமி கம்பெனியில் இருக்கிற நேரமாயிற்றே என்று எடுத்துப் பார்த்தேன். திரையில் 'அம்மா' என்று இருந்தது.

"அம்மா! சொல்லும்மா."

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் இடம் கிடைத்துவிட்டது, ஜன்னல் சீட்தான், இட்லி அப்புறம் சாப்பிடுவேன் என்று வழக்கம்போல் அடுக்கிக்கொண்டு போனேன். அப்போது வண்டி ஒரு பாலத்தில் ஏறியது. தடதடவென்று பெட்டியே அதிர்ந்தது.

"அது என்ன சத்தம்?" என்றாள்.

"பாலம்மா. ரயில் பாலத்துல போகுது."

"இப்ப ஒண்ணு கேட்டுச்சே?"

"எதிர்ல இருக்கிறவரு ஜன்னக் கதவ அடிச்சுச் சாத்துனாரு."

"அந்தா, அது?"

"டீக்காரரு. கேன கீழ வச்சாரு."

எனக்குப் பின்னால் என்னவெல்லாம் சத்தம் போடுகிறது என்று இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அங்கன போயும் இப்படி ஒவ்வொண்ணா, எது என்ன சத்தம்னு சொல்லுவியாய்யா?" என்று கேட்டாள்.

சொல்கிறேன் என்று வாயைத் திறந்தவன், அதில் பீரங்கியும் வருமே என்று நின்றுவிட்டேன். அவள் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.